ரெமடியல் வகுப்பில் வருகையும் தாளும்: எல்லையோரக் கல்லூரிகளின் ஆங்கில எழுத்துப் பயிற்சி

ஜூலையில் கல்லூரி திறந்து சில வாரம் ஆனதும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் தமிழ் வீடுகளில் ஒரு பேச்சு அடிபடும். முதலாண்டு சேர்ந்த பிள்ளை வந்து, ‘இங்கிலீஷுக்கு ரெமடியல் கிளாஸ்னு தனியா பேர் எழுதியிருக்காங்க’ என்று சொல்லும். அப்பா, ‘ஃபெயில் ஆனவங்களுக்கா?’ என்று கேட்பார். இல்லை, ஆங்கில எழுத்தில் பின்தங்கியவர்களுக்குத் தனியாக நடத்தும் கூடுதல் பயிற்சி வகுப்பு அது. பரீட்சை இன்னும் நடக்கவே இல்லை. முதல் வாரத்தில் ஒரு பத்தி எழுதச் சொன்னார்கள், அதை வைத்துப் பிரித்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் ஒரு தாள் கொடுப்பார்கள். 75 சதவீத வருகை, வாரம் ஒரு எழுத்து வேலை, ஒவ்வொன்றுக்கும் முதல் பிரதி, திருத்திய பிரதி, தேதி தாண்டினால் வாங்க மாட்டோம், வீட்டில் எழுதியதை மட்டும் கொண்டுவந்தால் போதாது என்று அதில் வரிசையாக இருக்கும்.

இந்த நிபந்தனைகள் ஏன் இப்படி இருக்கின்றன, எது சட்டம், எது அந்த ஆசிரியரின் சொந்த ஏற்பாடு, எல்லைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு இது ஏன் மற்றவர்களைவிடக் கூடுதலாக உறைக்கிறது என்பதைப் பார்க்கலாம். சித்தூர் என்று வெறுமனே சொன்னால் ஆந்திரக்காரர்கள் தங்கள் ஊர் என்று நினைப்பார்கள். அந்தச் சித்தூருக்கும் கடைசியில் வருகிறேன்.

முதலில் 75. இது அந்த வகுப்பின் விதி கிடையாது, இந்தியக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் பரீட்சை எழுத வேண்டிய குறைந்தபட்ச வருகை. சித்தூர் கல்லூரிகள் காலிகட் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன, மூணாறு கல்லூரி மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ். இரண்டிலும் இதே எண்தான். ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்று கொண்டால் 68 நாள் வந்தாக வேண்டும், 22 நாள் விடலாம். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. 2023 ஜனவரியில் கேரள அரசு மாதவிடாய் நாட்களைக் கருதிப் பெண்களுக்கு 2 சதவீதம் தளர்த்தியது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்ததை மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தார்கள். ஆகவே மாணவிகளுக்கு 73. நாள் கணக்கில் அது 66, அதாவது கூடுதலாக இரண்டு நாள். நல்ல முடிவுதான், ஆனால் செமஸ்டர் ஒன்றுக்கு இரண்டு நாள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த மாணவிகளுக்கு 60 நாள் வரை மகப்பேறு விடுப்பும் அதே சமயத்தில் வந்தது.

75க்குக் கீழே போனால் காண்டொனேஷன் என்று ஒன்று, அதாவது வருகைக் குறைவை மன்னிக்கும் முறை, இருக்கிறது. மருத்துவச் சான்று, விண்ணப்பம், கட்டணம், முதல்வரின் பரிந்துரை. எவ்வளவு குறைந்தால் மன்னிப்பார்கள், படிப்புக் காலம் முழுவதிலும் எத்தனை முறை மன்னிப்பார்கள் என்பது பல்கலைக்குப் பல்கலை மாறும். எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சியிலோ கோவையிலோ படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழகப் பல்கலைகளில் பொதுவாக 65க்கும் 75க்கும் இடைப்பட்டால் கட்டணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம், அதற்குக் கீழே என்றால் சிக்கல். என்எஸ்எஸ், என்சிசி, விளையாட்டு என்று போன நாட்களுக்கு டியூட்டி லீவ் உண்டு, வந்ததாகவே கணக்கில் எடுப்பார்கள். உரிய தாளைச் சரியான நேரத்தில் டிபார்ட்மெண்டில் கொடுக்காமல் விட்டுவிட்டு, செமஸ்டர் முடியும் வாரத்தில் ஓடுபவர்களைத்தான் எல்லாக் கல்லூரியிலும் பார்க்கலாம்.

இதுவரை சொன்னது வெறும் கணக்கு. ஆனால் மொத்த வருகை 75ஐத் தாண்டியிருந்தும் ஒரு மாணவன் எழுத்து வகுப்பில் பாதியைத் தவறவிட்டிருக்க முடியும், அதுதான் இந்தக் கணக்கின் ஓட்டை. ரெமடியல் வகுப்பு தினமும் நடப்பதில்லை. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, பெரும்பாலும் கடைசி ஹவருக்குப் பிறகு. அந்த இரண்டு நாளில் ஒன்று வெள்ளிக்கிழமையாக இருந்து, அவன் வெள்ளிதோறும் வேலைக்குப் போகிறவனாக இருந்தால், பதிவேட்டில் அவன் ஒழுங்கான மாணவன், எழுத்து வகுப்பிலோ பாதி ஆள்.

சித்தூர் தாலுகாவின் முதலமடைப் பக்கம் இது கற்பனை இல்லை. நாட்டிலேயே முன்கூட்டி மாங்காய் சந்தைக்கு வரும் பகுதிகளில் அது ஒன்று. ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை தொடங்கிவிடும். பறிக்க, தரம் பிரிக்க, பெட்டி கட்ட, லாரி ஏற்ற ஆள் வேண்டும். கல்லூரிப் பையன்களுக்கு அது நல்ல காசு. இரண்டாம் செமஸ்டரின் முக்கியமான எழுத்து வேலைகள் நடக்கிற மாதங்களும் அவைதான்.

சரி, ஒரு வகுப்பு போனால் என்ன போகிறது? வரலாறு வகுப்பு ஒன்று போனால் ஒரு பாடப் பகுதி போகும், புத்தகத்தைப் பார்த்துப் பிடித்துவிடலாம். எழுத்து வகுப்பில் பாடப் பகுதி என்று பெரிதாக எதுவும் இல்லை. இருப்பது ஒரு சுற்று: எழுதுவது, கொடுப்பது, கோடு போட்டுத் திரும்பி வருவது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது, திருப்பி எழுதுவது. இதில் நடுவில் ஒன்று அறுந்தால் முன்னால் செய்ததும் வீண், பின்னால் செய்வதும் ஒப்புக்குச் செய்ததாகிவிடும்.

ஓர் உதாரணம். ‘என் ஊர்’ என்று பத்து வரி எழுதச் சொன்னால் தமிழ் வழியில் படித்து வந்த ஒரு பிள்ளை இப்படித் தொடங்கும்: ‘மை வில்லேஜ் நேம் இஸ் வேலந்தாவளம் இட் இஸ் பார்டர் செக்போஸ்ட் இஸ் தேர் மெனி லாரி கம்மிங் நைட் டைம் ஆல்சோ.’ நடுவில் முற்றுப்புள்ளி இல்லை. ஆனால் விஷயம் இருக்கிறது. ஊர் எங்கே, அங்கே என்ன இருக்கிறது, இரவில் என்ன நடக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும். தமிழில் வினை கடைசியில் வந்து வாக்கியத்தை மூடும். அந்த மூடி ஆங்கிலத்தில் கிடைக்காததால் வாக்கியம் எங்கே முடிகிறது என்ற உணர்வே வராமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அனுபவமுள்ள ஆசிரியர் இதில் எல்லாத் தப்பையும் சிவப்பாக்க மாட்டார். இரண்டே இரண்டு: எங்கே நிறுத்துவது, லாரி பலவாக இருந்தால் வினை எப்படி மாறும். அடுத்த பிரதியில் ‘மெனி லாரீஸ் கம் த்ரூ த செக்போஸ்ட் ஈவன் அட் நைட்’ என்று தனி வாக்கியமாக வந்துவிட்டால் அந்த வாரத்துக்குப் போதும். மற்றவை அடுத்த வாரம்.

இந்த மாற்றம் எங்கே நடந்தது என்று பாருங்கள். பிள்ளை முதல் பிரதி எழுதியபோதும் இல்லை, ஆசிரியர் திருத்தியபோதும் இல்லை. தாள் கைக்குத் திரும்பிய அந்த ஒரு மணி நேரத்தில், ‘இந்த வரியை வாய்விட்டுப் படி, எங்கே மூச்சு விடுகிறாய்?’ என்று கேட்ட இடத்தில் நடந்தது. அன்றைக்கு வராதவனுக்குத் தாள் நண்பன் மூலமாக வந்து சேரும். கோடு தெரியும், காரணம் தெரியாது. அவன் திருத்திய பிரதி என்று கொண்டுவருவது பெரும்பாலும் அதே பத்தியை அழகான கையெழுத்தில் எழுதியதாகத்தான் இருக்கும்.

தேதி தாண்டினால் வாங்க மாட்டோம் என்பதற்கும் காரணம் இதுவேதான், கறார் காட்டும் ஆசை இல்லை. 40 பேர் வகுப்பில் ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்றால் 400 நிமிடம். கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். மற்ற வகுப்புகள், விடைத்தாள், நிர்வாக வேலைகளுக்கு நடுவில் அதற்கு ஒரே ஒரு மாலையோ ஞாயிற்றுக்கிழமையோதான் கிடைக்கும். பத்துத் தாள் மூன்று நாள் கழித்து வந்தால் திருத்தாமலே மதிப்பெண் மட்டும் போட்டுத் திருப்புவார்கள். அந்த மதிப்பெண்ணால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வரி கூட மேம்படாது.

ஆக, எழுத்து வகுப்பில் வருகையும் எழுத்து வேலையும் இரண்டு தனி நிபந்தனைகள் போலத் தாளில் அச்சாகியிருந்தாலும் ஒன்றில்லாமல் மற்றது செல்லாது. ‘டீச்சர், நான் வந்துட்டேன்ல, அட்டெண்டன்ஸ் போடுங்க’ என்று வெறுங்கையோடு நிற்கும் மாணவியிடம், ‘வந்தது சரி மோளே, எழுதினது எங்கே?’ என்று கேட்கும் ஆசிரியரைக் கண்டிப்பானவர் என்று பேசிக்கொள்வார்கள். என் பார்வையில் வகுப்பைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்தான்.

இந்த மாதிரி வகுப்புக்கு ஒரு வரலாறு உண்டு, அது அமெரிக்காவில் நடந்தது. 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் திறந்த சேர்க்கை முறையைக் கொண்டுவந்தது. நகரத்தில் பள்ளி முடித்த எவருக்கும் அதன் கல்லூரிகளில் ஏதாவது ஒன்றில் இடம் நிச்சயம் என்றார்கள். அதுவரை கல்லூரி வாசலை மிதிக்காத குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அவர்களின் எழுத்தைப் பார்த்துப் பேராசிரியர்கள் பலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அங்கே சிட்டி காலேஜில் அந்த மாணவர்களுக்கான எழுத்துத் திட்டத்தை நடத்திய மினா ஷாஹ்னசி என்பவர் சுமார் 4,000 நுழைவுக் கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். 1977இல் அவர் எழுதிய நூலின் சாரம் இதுதான்: இவர்களின் பிழைகள் கண்டபடி வருபவை இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு தர்க்கம் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தால் கற்பிக்கலாம். மேலே சொன்ன லாரி வாக்கியத்தை வெறும் தப்பு என்று தள்ளாமல் காரணம் தேடுகிற பழக்கத்துக்கு அவர் பெரிய அளவில் வழிகாட்டி.

அங்கே சமுதாயக் கல்லூரிகளில், அதாவது இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரிகளில், இந்த வகுப்புக்கு வருகையும் வேலையும் எப்படி இருக்கும் என்றால், நம்மூரைவிடப் பல மடங்கு இறுக்கம். வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேர வேலை என்று படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகான கிரெடிட்டுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் விளக்கமே சொல்கிறது. வாரம் மூன்று மணி நேர எழுத்து வகுப்பு எடுத்தவர் வீட்டில் இன்னொரு ஆறு மணி நேரம் எழுதவும் படிக்கவும் வேண்டும். இரண்டு வாரத்துக்குச் சமமான வகுப்பைத் தவறவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று முதல் நாளே எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. பெயர் போனால் அரசு உதவிப் பணத்திலும் கை வைப்பார்கள். பருவத்தின் 60 சதவீதம் முடிவதற்குள் எல்லா வகுப்பையும் விட்டுப் போனால் வாங்கிய உதவியில் ஒரு பகுதியைத் திருப்ப வேண்டி வரும். இவ்வளவுக்கும் பிறகு அந்த வகுப்பின் கிரெடிட் பட்டத்துக்குச் சேராது. உதவிப் பணமும் இத்தகைய வகுப்புகளில் மொத்தம் 30 செமஸ்டர் மணி வரைதான்.

அதனால்தான் அங்கே பத்துப் பதினைந்து ஆண்டாகக் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. பட்டத்துக்குச் சேராத வகுப்பில் ஒரு வருடம் போட்டால் பலர் அங்கேயே படிப்பை விட்டுவிடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஃப்ளோரிடா 2013இல் சட்டம் போட்டுப் பெரும்பாலான மாணவர்களுக்கு இதை விருப்பப் பாடமாக்கியது. கலிஃபோர்னியா 2017இல் ஏபி 705 என்ற சட்டத்தின் மூலம், நேரடியாக முதலாண்டு வகுப்பில் போட்டால் தேற வாய்ப்பே குறைவு என்று காட்ட முடிந்தாலொழிய மாணவரை ரெமடியலில் தள்ளக் கூடாது என்றது. மேரிலாந்தில் பால்டிமோர் கவுண்டி சமுதாயக் கல்லூரி 2007இலேயே வேறொரு வழியைத் தொடங்கியிருந்தது. மாணவர் நேராக முதலாண்டு வகுப்பில் உட்காருவார். அதோடு, அதே ஆசிரியரிடம் சிறு குழுவாகக் கூடுதல் நேரம். காலையில் எழுதிய பத்தியை அதே ஆளிடம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்கலாம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் பக்கமும் காகிதத்தில் இதற்கு வழி திறந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் கேரளத்தில் நான்காண்டு இளங்கலைப் படிப்பு வந்துவிட்டது. மூன்றாண்டில் முடித்தால் 133 கிரெடிட், நான்காண்டு என்றால் 177. அதில் மொழித்திறன் பாடங்கள் என்று ஆங்கிலத்துக்கும் வேறு மொழிக்கும் தனி இடம் உண்டு, அவை பட்டத்துக்குச் சேர்பவை. காலிகட்டில் உள்மதிப்பீடு 30, இறுதித் தேர்வு 70. தேசியக் கிரெடிட் சட்டகமும் ஆண்டுக்கு 1,200 கற்றல் மணி, 40 கிரெடிட் என்று கணக்கிட்டு, ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்கிறது. அந்த 30இல் வகுப்புக்கு வெளியே எழுதுவதும் அடக்கம். அதாவது வீட்டு வேலை இனிமேல் ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்ததாக இல்லாமல் கணக்கிலேயே வந்துவிட்டது.

ஆனால் ரெமடியல் வகுப்பு இந்தக் கணக்குக்கு வெளியேதான் நிற்கிறது. கேரள உயர்கல்வித் துறையின் ஸ்காலர் சப்போர்ட் திட்டம் போன்றவற்றின் கீழோ, கல்லூரியின் சொந்த முயற்சியிலோ நடக்கும். மதிப்பெண் கிடையாது. வகுப்பு முடிந்த பிறகு நடக்கும். மூன்றரை மணிக்கு எல்லாரும் வாசல் பக்கம் போகும்போது இவர்கள் மட்டும் மாடிக்கு ஏற வேண்டும். மதிப்பெண் இல்லாத வகுப்புக்கு 75 சதவீதம் கேட்பதும், தாள் கேட்பதும் எந்தப் பிடியும் இல்லாமல் கேட்பதுதான். ஆசிரியர்கள் சிலர் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்கிறார்கள். ரெமடியலில் திருத்திய பத்தியையே ஆங்கிலப் பாடத்தின் அசைன்மெண்டாகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். பால்டிமோரில் செய்ததன் சின்னப் பதிப்பு. எனக்குத் தெரிந்தவரை வருகையைக் கூட்ட இதைவிட நல்ல வழி இல்லை. அசைன்மெண்ட் முடிந்துவிடுகிறது என்றால் பிள்ளைகள் தானாக மாடி ஏறுவார்கள்.

இனி எல்லைக்கே உரிய சங்கடங்கள்.

வேலந்தாவளம், ஒழலப்பதி, எருத்தேன்பதி, வடகரப்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் ஆபீஸிலும் மலையாளம், பரீட்சையில் ஆங்கிலம். 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் பிரிந்தபோது சித்தூர் தாலுகாவும், இடுக்கியின் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் தங்கின. மொழிச் சிறுபான்மையினருக்கான தமிழ் வழிப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன, பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுக்குத் தமிழிலேயே வினாத்தாள் உண்டு. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது. சோகநாசினி ஆற்றங்கரையில், மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லும் ஊரில், தமிழ் எம்ஏ படிக்கலாம். அந்த வகையில் சித்தூர்க்காரர்களுக்குக் குறை இல்லை.

கல்லூரி ஆங்கில வகுப்பில் விளக்கம் மலையாளத்தில் நடக்கும். தமிழ் வழியில் வந்த பிள்ளைக்குக் காதில் விழுவது முக்கால்வாசிக்கு மேல் புரிந்துவிடும். ஆனால் மலையாள எழுத்து எல்லாருக்கும் வேகமாக ஓடாது. டீச்சர் மலையாளத்தில் சொல்வதைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் நோட்டுகளை இந்தப் பக்கம் பார்க்கலாம். அதில் தப்பில்லை, நல்ல முறைதான். சிக்கல் ஒரு நாள் வராமல் போகும்போது வருகிறது. வராத நாளுக்கு உலகம் முழுக்க மாணவர்கள் செய்வது பக்கத்து ஆளின் நோட்டை வாங்கிப் பார்ப்பது. இங்கே பக்கத்து ஆளின் நோட்டு மலையாளத்தில் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஆங்கில இலக்கணக் குறிப்பை மலையாள எழுத்தில் படித்துப் புரிந்துகொள்வது என்றால் ஒரு மாலை முழுக்கப் போகும். அதனால் அதே ஒரு நாள் விடுப்பு, மலையாள வழிப் பிள்ளைக்கு ஆவதைவிட இந்தப் பிள்ளைக்கு அதிக நஷ்டம். வருகைப் பதிவேட்டில் இரண்டு பேருக்கும் ஒரே கட்டம்தான்.

இதற்கு ஒரு மருந்து வாட்ஸ்அப் குழு. கரும்பலகையைப் போட்டோ எடுத்துப் போடச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் அதே குழுவில்தான் எழுதி முடித்த பத்தியும் சுற்றுக்கு வரும். இப்போது சாட்ஜிபிடி வேறு. ‘என் ஊர்’ பற்றி நாற்பது பேரும் எங்கேயோ ஒரு அழகிய மலைக்கிராமத்தைப் பற்றி எழுதிக் கொண்டுவந்து கொடுத்தால் ஆசிரியருக்குத் தெரியாமலா போகும்? முதல் பிரதியை வகுப்பிலேயே, கையாலேயே எழுத வேண்டும் என்ற விதி சமீபமாகப் பல இடங்களில் வந்திருப்பதற்கு இதுவே காரணம். அதன் விளைவாக வருகை மறுபடியும் முக்கியமாகிவிட்டது. முன்பு வராதவன் வீட்டில் எழுதியாவது கொடுக்கலாம், இப்போது அதற்கும் வழியில்லை.

பிறகு பண்டிகைக் கணக்கு. ஓணத்துக்குக் கல்லூரி பத்து நாள் மூடும், அதில் சண்டை இல்லை. பொங்கலுக்குக் கேரள அரசு திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை விட்டுவருகிறது. ஒரு நாள். மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் தமிழ்நாட்டுக் காலண்டரில்தான் சிவப்பு. மாமா வீடு பொள்ளாச்சியில், சித்தி வீடு உடுமலையில் என்று இருக்கும் பிள்ளை அந்த வாரம் திரும்பி வராது. அந்த வாரம் திருத்திய தாள் கொடுக்கும் வாரமாக இல்லாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியருக்குச் சின்ன வேலை. உள்ளூர் ஆசிரியர்கள் கேட்காமலே செய்துவிடுகிறார்கள். வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

மூணாறில் கதை வேறு. அங்கே வருகையைத் தின்பது மழை. தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து டவுனுக்கு ஜீப்பும் பஸ்ஸுமாக வர வேண்டும், ரோட்டில் மண் சரிந்தால் அன்றைக்கு வகுப்பு போயிற்று. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடங்களே மண்சரிவில் போயின. கலெக்டர் லீவு விட்ட நாள் வருகைக் கணக்கில் வராது, ஆனால் விடாத நாளிலும் எஸ்டேட்டின் ஏதோ ஒரு டிவிஷனில் மட்டும் வழி அடைபட்டிருக்கும். அந்த மாணவிக்கு அது ஆப்சென்ட். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எழுத்து வேலைகளைக் குறைத்து, செப்டம்பருக்குப் பிறகு கூட்டி வைத்தால் பாதிப் பேர் தப்பிப்பார்கள் என்று தோன்றுகிறது. பாடத்திட்டம் எந்த வாரத்தில் எந்தத் தாள் என்று கட்டிப்போடவில்லை, ஆகவே செய்ய முடிகிற காரியம்தான்.

ஆந்திரச் சித்தூர்ப் பக்கம், நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூன்றாவது மொழி தெலுங்கு. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது இந்த ஊர்கள் அந்தப் பக்கம் நின்றுவிட்டன. கல்லூரிக்குப் பலர் திருப்பதி போகிறார்கள், சிலர் இந்தப் பக்கம் திருத்தணிக்கு வருகிறார்கள். 1997இல் குப்பத்தில் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் ஒரு மூலையில் இருப்பதால் எல்லாருக்கும் வசதிப்படாது. ஆந்திரத்தில் வருகைக்கு இன்னொரு கொக்கி உண்டு. அரசு கட்டும் கல்விக் கட்டணத்துக்கு 75 சதவீத வருகை நிபந்தனை. கேரளத்தில் வருகை குறைந்தால் பரீட்சை எழுதும் உரிமை போகும், அங்கே அதோடு ஃபீஸும் தலையில் விழும். அந்தப் பயத்தில் பிள்ளைகள் வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள். வந்து எழுதுகிறார்களா என்பது வேறு விஷயம். விரல் வைத்தோ முகம் காட்டியோ பதிவாகும் இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வருகைக்கே மதிப்பெண் போடும் பழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உள்மதிப்பீட்டில் வருகைக்கு ஒரு பங்கு ஒதுக்குவது கேரளத்தில் நீண்ட காலம் நடந்தது. பிள்ளைகளை உட்கார வைக்க அது உதவியது, மறுக்கவில்லை. எழுத்து வகுப்பில் அது தவறான இடத்தில் காசைப் போடுவது என்பது என் கருத்து. அந்தப் பங்கைத் திருத்திய பிரதிக்கு மாற்றினால், வராமல் திருத்த முடியாது என்பதால் வருகையும் தானாக உள்ளே வந்துவிடும். மாங்காய்க்குப் போன பையனும் தாள் திரும்பும் நாளைப் பார்த்து வந்து உட்காருவான்.

கடைசியாக, முதலாண்டுப் பிள்ளையின் வீட்டார் செய்ய வேண்டியது. முதல் வாரம் கொடுக்கும் அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். எழுதும் நாள் எது, தாள் திரும்பும் நாள் எது என்று கேளுங்கள். திருமணம், திருவிழா, ஆஸ்பத்திரி என்று எதைத் தள்ளிவைக்க முடியாதோ அதற்கு 22 நாளை வைத்துக்கொள்ளுங்கள், தாள் திரும்பும் நாளை மட்டும் தொடாதீர்கள். கோடு போட்ட பழைய பிரதிகளைக் கிழித்துப் போடாமல் ஒரு ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். இறுதித் தேர்வுக்கு முன் உள்மதிப்பெண்ணைப் பார்வைக்கு ஒட்டுவார்கள். குறைவாக இருந்தால் முதலில் துறை அளவிலும், பிறகு கல்லூரி அளவிலும், அதற்கப்புறம் பல்கலை அளவிலும் முறையிட வழி இருக்கிறது. முறையிடப் போகும்போது பேசுவது அந்த ஃபைல்தான். துறையில் கேட்க வேண்டிய கெடு சில நாட்கள்தான் இருக்கும், பட்டியல் ஒட்டிய அன்றே போய்ப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.